முதல் என்ஜின் சிலிண்டர்களை எப்படிக் குடைந்தார்கள்?

சில மாதங்களுக்கு முன் என் பழைய பைக் வெள்ளைப் புகை கக்க ஆரம்பித்தது. மெக்கானிக் சிலிண்டர் பிளாக்கைக் கழற்றித் துணியில் சுற்றிக் கையில் கொடுத்து, லேத் பட்டறைக்குப் போகச் சொன்னார். அங்கிருந்த பெரியவர் பிளாக்கை வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார்.

"விரலை விட்டுத் தடவிப் பாருங்க தம்பி."

மேல் விளிம்பிலிருந்து நகத்தை மெல்ல இறக்கினேன். ஓரிடத்தில் லேசாகத் தட்டியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அங்கே ஒரு படி இருந்தது. சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனில் மாட்டிய ரிங் மேலே வந்து திரும்பும் எல்லை அது. அதற்குக் கீழே ரிங் உரசி உரசிச் சுவர் தேய்ந்திருக்கிறது. மேலே ரிங் போகாததால் பழைய அளவிலேயே நிற்கிறது.

"மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு இருக்கும். அதுக்கே வண்டி ஆயில் குடிக்குது," என்றார்.

பிறகு பிளாக்கை மெஷினில் ஏற்றி, நடுவம் பார்த்து, குடைந்து, உள்சுவரைக் கல்லால் தேய்த்து ஹோனிங் போட்டு, கொஞ்சம் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டனுக்குத் தயாராக்கிக் கொடுத்தார். எனக்கு அந்த மெஷினைப் பார்த்தபடி ஒரு கேள்வி எழுந்தது. இந்தத் துளை இவ்வளவு சரியாக வருவதற்குக் காரணம் இந்த மெஷினின் தண்டும் பேரிங்கும் சரியாக இருப்பது. அவற்றைச் சரியாகச் செய்தது இன்னொரு மெஷின். அதைச் செய்தது அதற்கும் முந்திய ஒன்று. இப்படிப் பின்னால் போனால், நல்ல துளை என்பதே இல்லாத ஒரு காலம் வரும். அங்கே, கோணல்மாணலான ஒரு இரும்புக் குழாயை எடுத்து அதற்குள் முதல்முதலாக ஒரு நேரான வட்டத் துளையை யாரோ உண்டாக்கியிருக்க வேண்டும். எதை வைத்து?

இதற்குப் பதில் 250 ஆண்டுகளுக்கு முந்திய இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இருக்கிறது. அந்தப் பதில் இவ்வளவு எளிமையாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வளையல் அடுக்கு

முதலில், நல்ல சிலிண்டர் என்றால் என்ன? ஒரு வளையல் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவு வளையல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் உள்ளே ஒரு குழாய் உண்டாகிறது. அந்தக் குழாய் சரியாக இருக்க மூன்று நிபந்தனைகள். ஒவ்வொரு வளையலும் வட்டமாக இருக்க வேண்டும், நசுங்கியிருக்கக் கூடாது. எல்லா வளையலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே இரண்டே கால், கீழே இரண்டே அரை என்றால் குழாய் கூம்பாகிவிடும். அடுக்கும் நேராக நிற்க வேண்டும்; வளையல்கள் வட்டமாகவும் ஒரே அளவாகவும் இருந்தே அடுக்கு வாழைப்பழம்போல வளைந்து போகலாம்.

இந்த மூன்றாவது குறைதான் நம் கதையின் முடிச்சு. எந்த இடத்தில் அளந்தாலும் வட்டம் சரியாக இருக்கும், விட்டமும் சரியாக இருக்கும், ஆனாலும் பிஸ்டன் உள்ளே ஓடாது.

சிலிண்டர் வார்ப்பிலிருந்து வெளியே வரும்போது மூன்று நிபந்தனையிலும் தோற்றுத்தான் வருகிறது. மண் அச்சின் நடுவே ஒரு மண் கருவை நிறுத்தி, சுற்றிலும் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். கரு இருந்த இடம் ஆறியபின் துளையாகும். ஊற்றும்போது கரு கொஞ்சம் நகரும். இரும்பு ஆறும்போது சுருங்கும், அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. உள்சுவர் மணலும் செதிலுமாகச் சொரசொரப்பாக இருக்கும். ஆகவே வார்த்த துளையை உள்ளே சீவிப் பெரிதாக்கித்தான் ஒழுங்கு செய்ய முடியும். இதுதான் குடைதல், பட்டறை மொழியில் போரிங். துளையே இல்லாத இடத்தில் துளை போடுவது வேறு வேலை. இருக்கிற துளையைத் திருத்துவதுதான் இங்கே விஷயம். கேட்பதற்கு இது சுலபமாகத் தோன்றும். ஆனால் பழைய துளையின் கோணல் புதிய துளைக்கும் தொற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு.

தண்ணீர் மூடிய பிஸ்டன்

1712இல் தாமஸ் நியூகோமன் என்பவர் இங்கிலாந்தில் டட்லி கோட்டைக்கு அருகே ஒரு சுரங்கத்தில் நீராவி என்ஜினை நிறுவினார். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைப்பது அதன் வேலை. சிலிண்டரின் விட்டம் 21 அங்குலம். அந்தத் தொடக்க கால சிலிண்டர்கள் பித்தளையில் வார்க்கப்பட்டவை. உட்பக்கத்தைத் தேய்ப்புப் பொருள் வைத்துக் கையால் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். பித்தளை விலை அதிகம். பின்னர் வார்ப்பிரும்புக்கு மாறியபோது கையால் தேய்ப்பது கட்டுப்படியாகாமல் போய், குடையும் எந்திரங்கள் தேவைப்பட்டன.

நியூகோமன் என்ஜினில் வேலை செய்வது உண்மையில் காற்று. சிலிண்டரில் நீராவியை நிரப்பி, உள்ளே குளிர்ந்த நீரைப் பீய்ச்சினால் நீராவி சுருங்கித் தண்ணீராகிவிடும். உள்ளே வெற்றிடம் உண்டாகும். மேலே திறந்த பக்கத்திலிருந்து காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். அவ்வளவுதான்.

இந்த என்ஜினுக்குச் சிலிண்டர் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. பிஸ்டனைச் சுற்றித் தோல் பட்டை வைத்து, அதன் மேல் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைத்தார்கள். காற்று போகப் பார்க்கும் இடுக்கைத் தண்ணீர் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் கொஞ்சம் உள்ளே கசிந்தாலும் கெடுதல் இல்லை, ஏனென்றால் எப்படியும் உள்ளே குளிர்நீரைப் பீய்ச்சத்தானே போகிறோம். அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த ஏற்பாட்டிலேயே காலம் ஓடியது.

கேரனில் ஸ்மீட்டன்

ஜான் ஸ்மீட்டன் அன்றைய பிரிட்டனின் தலைசிறந்த பொறியாளர்களில் ஒருவர். 1769 வாக்கில் ஸ்காட்லாந்தின் கேரன் இரும்பாலைக்காக ஒரு சிலிண்டர் குடையும் எந்திரத்தை வடிவமைத்தார். நீர்ச்சக்கரம் சுழன்றால் அதனோடு ஒரு நீண்ட தண்டு சுழலும். தண்டின் நுனியில் ஒரு வட்டத் தலை. தலையின் விளிம்பில் எஃகு வெட்டு உளிகள். சிலிண்டரை ஒரு வண்டியில் படுக்க வைத்து அந்தத் தலையை நோக்கி மெல்ல நகர்த்துவார்கள். சுழலும் உளிகள் உள்சுவரைச் சுரண்டிக்கொண்டே போகும்.

மாங்காய் பறிக்கும் தொரட்டியைப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் உடனே புரியும். நீளமான மூங்கிலின் ஒரு முனையை மட்டும் பிடித்துக் கிடையாக நீட்டினால் மறுமுனை தொங்கும். கனமான வெட்டுத் தலையும் அப்படியே தொங்கி, துளையின் அடிப்பக்கத்தில் சாய்ந்துகொண்டு அங்கே அதிகமாக வெட்டும்.

ஸ்மீட்டனுக்கு இது தெரியும். அதனால் துளைக்குள்ளேயே ஓடும்படி ஒரு சிறு சக்கர வண்டியை வைத்து, வெட்டுத் தலையின் எடையை அதன்மேல் தாங்கவைத்தார். தலை தொங்குவது நின்றது. ஆனால் அந்தக் குட்டி வண்டி எதன்மேல் ஓடுகிறது? வார்ப்பிலிருந்து வந்த துளையின் அடிச்சுவர்மேல். அந்தச் சுவரில் மேடு வந்தால் வண்டி ஏறும், தலையும் ஏறும். பள்ளம் வந்தால் இரண்டும் இறங்கும்.

மழைக்காலத்தில் மாட்டுவண்டி போய்த் தடம் விழுந்த மண்பாதையில் அடுத்த வண்டியை ஓட்டினால் சக்கரம் பழைய தடத்திலேதான் போய் விழும். கேரன் எந்திரத்தில் நடந்ததும் அதுதான். வளையல்கள் ஒவ்வொன்றும் ஓரளவு வட்டமாக வந்தன, ஏனென்றால் சுழலும் உளி வட்டத்தைத்தான் வெட்டும். ஆனால் அடுக்கு பழைய கோணலிலேயே நின்றது. எந்தச் சுவரைத் திருத்த வேண்டுமோ அந்தச் சுவரிடமே எந்திரம் வழி கேட்டுக்கொண்டு போனது.

ஸ்மீட்டனைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நியூகோமன் வகை என்ஜின்களுக்கு அவருடைய எந்திரம் முன்பிருந்தவற்றைவிட நல்ல சிலிண்டர்களைக் கொடுத்தது. அந்த என்ஜின்களின் திறனையும் அவர் கணிசமாக உயர்த்தினார். சிக்கல் வந்தது வேறொருவருக்கு.

ஜேம்ஸ் வாட்டின் இடுக்கு

ஜேம்ஸ் வாட் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவி செய்பவராக இருந்தார். நியூகோமன் என்ஜினின் சிறு மாதிரி ஒன்றைப் பழுதுபார்க்கக் கொடுத்தபோது, பிஸ்டன் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் சிலிண்டரைச் சூடாக்கி மறுபடி குளிரவைப்பதிலேயே பெரும்பகுதி நீராவி வீணாவதைக் கவனித்தார். 1765இல் அவருக்கு வழி கிடைத்தது: நீராவியைச் சிலிண்டருக்குள் குளிர்விக்காமல், பக்கத்தில் தனியாக ஒரு பாத்திரத்துக்கு இழுத்துக் குளிர்விப்பது. சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்கும். 1769இல் காப்புரிமை பெற்றார்.

யோசனை பிரமாதம். ஆனால் சிலிண்டரைச் சூடாகவே வைத்திருப்பது என்று முடிவானவுடன், பிஸ்டன் மேல் தண்ணீர் தேக்கும் பழைய ஏற்பாடு போய்விட்டது. தண்ணீர் கசிந்தால் சூடான சிலிண்டரைக் குளிர்விக்கும். கண்டுபிடிப்பின் பயனே போய்விடும். ஐம்பது ஆண்டுகளாகத் தண்ணீர் மறைத்து வைத்திருந்த கோணல் எல்லாம் இப்போது வெளியே வந்தது.

கின்னீல் என்ற இடத்தில் வாட் கட்டிய சோதனை என்ஜினின் சிலிண்டர் 18 அங்குல விட்டம் கொண்டது. பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடுக்கை அடைக்க அவர் என்னென்னவோ திணித்துப் பார்த்தார்: தக்கை, எண்ணெயில் ஊறிய கந்தல், சணல், காகிதம், கம்பளிப் பொருள், பழைய தொப்பிகள்கூட. ஒன்றும் சரிப்படவில்லை. இந்த என்ஜினை வேண்டிய துல்லியத்தோடு செய்யக்கூடிய கருவிகளும் இல்லை, தொழிலாளர்களும் இல்லை என்பதுதான் ஸ்மீட்டனின் கருத்தாக இருந்தது. ஆண்டுகள் கடந்தன. வாட்டுக்குப் பணம் கொடுத்த ஜான் ரோபக் 1773இல் திவாலானார். அவருடைய பங்கு பர்மிங்காம் தொழிலதிபர் மேத்யூ போல்டனிடம் போனது; அவர் வாட்டின் கூட்டாளியானார்.

ஒரு சின்ன இடுக்குக்கு ஏன் இவ்வளவு அல்லல் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 அங்குல விட்டமுள்ள சிலிண்டரின் சுற்றளவு ஏறத்தாழ 4 மீட்டர். சுற்றிலும் 1 மில்லிமீட்டர் இடுக்கு விட்டால், மொத்தத் திறப்பு 40 சதுர சென்டிமீட்டர். அது 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓட்டைக்குச் சமம். வீட்டு டம்ளரின் வாய் அளவு. வெற்றிடம் உண்டாக்க வேண்டிய பாத்திரத்தில் டம்ளர் அளவு ஓட்டை போட்டுவிட்டு என்ஜினை ஓட்டச் சொன்னால் எப்படி? இடுக்கு எங்கும் ஒரே அளவாக இருந்தால் சணலைக் கொழுப்பில் தோய்த்துச் சுற்றி அடைத்துவிடலாம். துளை கோணல் என்றால் ஓரிடத்தில் இறுகும் சணல் இன்னோரிடத்தில் தளர்ந்துவிடும்.

பீரங்கி கற்றுக்கொடுத்தது

தீர்வு ஆயுதத் தொழிலிலிருந்து வந்தது. ஜான் வில்கின்சன் இரும்பே வாழ்க்கையாக வாழ்ந்தவர். வேல்ஸில் ரெக்ஸம் ஊருக்கு அருகே பெர்ஷம் என்னுமிடத்தில் அவருடைய ஆலை இருந்தது. 1774 ஜனவரியில் பீரங்கி குடையும் முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்.

பீரங்கியைத் துளையோடு வார்த்தால், கரு நகர்ந்து குண்டுவழி ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். சுவர் மெலிந்த பக்கம் வெடிக்கும். அதனால் பீரங்கியைத் துளையில்லாமல் கட்டியாக வார்த்து, பிறகு குடைவது. குடையும்போது துளைக்கும் உளியை அசையாமல் பிடித்து, பீரங்கியையே சுழலவிடுவது. சுழலும் பொருளின் நடு அச்சு தானாகவே துளையின் நடுவாகிவிடும். உளி கொஞ்சம் விலகினாலும் சுழற்சி அதை நடுவுக்குத் தள்ளும். பீரங்கியைச் சுழலவிட்டுக் குடைவது ஐரோப்பாவில் வில்கின்சனுக்கு முன்பே தெரிந்த முறைதான். அவருடைய காப்புரிமையும் 1779இல் ரத்தாயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. பீரங்கி குடையும் வேலை இயற்பியலுக்கும் ஒரு பெரிய பாடம் தந்திருக்கிறது. ரம்ஃபோர்டு பிரபு மியூனிக் ஆயுதச்சாலையில் பித்தளைப் பீரங்கி குடைவதைக் கவனித்து, அவ்வளவு வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தார். வேண்டுமென்றே மழுங்கிய உளியை வைத்து, பீரங்கியைத் தண்ணீருக்குள் வைத்து, குதிரையைக் கட்டிச் சுழற்றினார். நெருப்பே இல்லாமல் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. வெப்பம் என்பது பொருளுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு திரவம் அல்ல, இயக்கத்தின் ஒரு வடிவம் என்று 1798இல் வெளியிட்ட கட்டுரையில் வாதாடினார். என் பிளாக்கைக் குடைந்து முடித்ததும் "தொடாதீங்க, சுடும்" என்று பெரியவர் சொன்னபோது எனக்கு அந்தக் குதிரைதான் ஞாபகம் வந்தது.

பெர்ஷமுக்குத் திரும்புவோம். போல்டனுக்கும் வாட்டுக்கும் சிலிண்டர் செய்ய வந்தபோது வில்கின்சன் பீரங்கி முறையை அப்படியே பயன்படுத்தவில்லை. பீரங்கிக்கும் சிலிண்டருக்கும் உள்ள ஒரு வித்தியாசம் அவர் கண்ணில் பட்டது. பீரங்கியின் ஒரு முனை மூடியது. உளித்தண்டு வாய்வழியே நுழைந்து, உள்ளே தாங்கல் இல்லாமல்தான் நிற்க வேண்டும். சிலிண்டரோ இரண்டு முனையும் திறந்த குழாய். தண்டை ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் வெளியே எடுக்கலாம். வெளியே வந்த முனைக்கும் ஒரு தாங்கல் கொடுக்கலாம்.

1775இல் பெர்ஷமில் அவர் அமைத்த எந்திரத்தின் சாரம் இதுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றி எழுந்த ஏற்பாடுகள்.

அந்த எந்திரத்தின் அருகே நின்று பார்ப்போம்

கிளைவெடோக் ஆற்றுத் தண்ணீரில் சுழலும் சக்கரம், பல்சக்கரங்கள் வழியாக ஒரு தடித்த இரும்புத் தண்டைச் சுழற்றுகிறது. தண்டு இரண்டு உறுதியான தாங்கிகளில் கிடையாகக் கிடக்கிறது. இரண்டு தாங்கிகளுக்கும் நடுவே சிலிண்டர். மரமும் இரும்புமான தொட்டிலில் அசையாதபடி இறுக்கிக் கட்டப்பட்டிருக்கிறது. தண்டு சிலிண்டருக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறுகிறது. சிலிண்டரின் சுவரை அது எங்கேயும் தொடவில்லை.

தண்டின்மேல் ஒரு கனத்த வட்டத் தலை மாட்டியிருக்கிறது. அதன் விளிம்பில் சுற்றிலும் எஃகு உளிகளை ஆப்பு வைத்து இறுக்கியிருக்கிறார்கள். தலை தண்டோடு சேர்ந்து சுழல வேண்டும், அதே சமயம் தண்டின் நீளத்தில் நகரவும் வேண்டும். இதற்காகத் தண்டை உள்ளீடற்ற குழாயாக்கி, நீளவாக்கில் ஒரு பிளவு விட்டிருக்கிறார் வில்கின்சன். தண்டுக்குள்ளே இன்னொரு மெல்லிய கம்பி ஓடுகிறது. பிளவு வழியாக அது வெட்டுத் தலையைப் பிடித்திருக்கிறது. கம்பியின் வெளிமுனையில் பற்கள் வெட்டிய சட்டம். சட்டத்தோடு ஒரு சிறு பல்சக்கரம். பல்சக்கரத்தின் நெம்புகோலில் ஒரு எடைக்கல். எடை இறங்க இறங்கச் சட்டம் நகர்ந்து, கம்பி நகர்ந்து, வெட்டுத் தலை மயிரிழை மயிரிழையாக முன்னேறுகிறது.

உளி வார்ப்பிரும்பைச் சீவும்போது எஃகைக் கடைவதுபோலச் சுருள் வராது. கருந்தூளும் நொறுங்கலும்தான் உதிரும். அன்றைய உளிகள் சாதாரணக் கரி எஃகு. சூடேறினால் முனை பதம் இழந்துவிடும். ஆகவே தண்டு மிக மெதுவாகத்தான் சுழல முடியும். கடைசி மெல்லிய வெட்டை நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இரும்பு ஆறிச் சுருங்கி, மறுபடி தொடங்கும் இடத்தில் வளையமாக ஒரு தடம் விழும். பெரிய சிலிண்டர் என்றால் இது மணிக்கணக்கில் முடிகிற வேலை அல்ல.

இப்போது ஸ்மீட்டனின் எந்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உளி, நீர்ச்சக்கரம், தண்டு என்று பொருள்கள் பெரும்பாலும் அவையேதான். ஆனால் உளிக்கு வழிகாட்டுவது மாறிவிட்டது. அங்கே வழிகாட்டி, வார்ப்புத் துளையின் கரடுமுரடான சுவர். இங்கே வழிகாட்டி, சுவரைத் தொடாத தண்டு. சுவரில் மேடு வந்தால் உளி அதிகமாக வெட்டும், பள்ளம் வந்தால் குறைவாக வெட்டும், சில இடத்தில் வெட்டாமலே கூடப் போகும். ஆனால் தன் பாதையிலிருந்து விலகாது. இரண்டு மூன்று முறை ஓடி முடிந்ததும் சுவரின் பழைய நினைவெல்லாம் அழிந்து, தண்டின் நேர்க்கோடு மட்டும் அங்கே பதிந்திருக்கும்.

இரு முனைத் தாங்கலுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரே தண்டை, ஒரே எடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை மட்டும் இறுக்கிப் பிடித்து மறுமுனையில் எடையைத் தொங்கவிட்டால் ஒரு அளவு வளையும். இரண்டு முனையையும் தாங்கி நடுவில் அதே எடையை வைத்தால், அந்த வளைவு 16இல் ஒரு பங்குதான். தொரட்டியின் மறுமுனையை இன்னொருவர் தோளில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும்.

தண்டு மட்டும் நேராக இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நான் வெகுநேரம் யோசித்த கேள்வி இது. தண்டின் நேர்மை அதன் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. வெளிப்பக்கத்தைக் கண்ணால் பார்க்கலாம், காலிப்பர் வைத்து எங்கு வேண்டுமானாலும் அளக்கலாம், நேர்ச்சட்டம் வைத்து ஒளி தெரிகிறதா என்று பார்க்கலாம், மேடு இருந்தால் அரத்தால் ராவலாம். கடைசல் எந்திரத்தில் ஏற்றிக் கடையலாம். ஆழமான குழாயின் உள்ளே இவற்றில் எதையும் ஒழுங்காகச் செய்ய முடியாது. வில்கின்சன் செய்தது, கைக்கு எட்டாத உட்பக்கத்தில் வேண்டியிருந்த துல்லியத்தைக் கைக்கு எட்டும் வெளிப்பக்கத்தில் உண்டாக்கி, அங்கிருந்து உள்ளே கொண்டுபோனது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்த ஒன்றைச் சொல்லத்தான்.

பழைய ஷில்லிங்

1776 மார்ச்சில் டிப்டன் அருகே புளூம்ஃபீல்டு நிலக்கரிச் சுரங்கத்தில் வாட்டின் என்ஜின் ஓடத் தொடங்கியது. 50 அங்குலச் சிலிண்டர்; பெர்ஷமில் குடைந்தது. அந்தச் சிலிண்டர் எந்த இடத்திலும் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனத்துக்குமேல் பிசகவில்லை என்று போல்டன் மகிழ்ந்து எழுதினார். நாணயத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி. 50 அங்குலம் என்றால் 1,270 மில்லிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகு என்பது அன்றைக்கு யாரும் எட்டாத உயரம். மிச்சமிருந்த அந்தச் சிறு இடுக்கைக் கொழுப்பில் தோய்த்த சணல் சமாளித்துக்கொண்டது.

அளவைச் சொல்ல நாணயத்தைத்தான் எடுத்தார்கள் என்பதில் எனக்கு ஒரு தனிப் பிரியம். இன்று பட்டறையில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் என்று சாதாரணமாகப் பேசுகிறோம். அன்று பட்டறையில் எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்த மெல்லிய பொருள் சட்டைப் பையில் கிடந்த காசு.

அதே ஆண்டில் வாட்டின் மற்றொரு என்ஜின் வில்கின்சனின் சொந்த உலைக்குக் காற்று ஊதப் போனது. அதாவது, வில்கின்சன் நல்ல சிலிண்டர் செய்ததால் என்ஜின் ஓடியது. என்ஜின் ஓடியதால் அவருடைய உலையில் இரும்பு அதிகம் உருகியது. அந்த இரும்பில் மேலும் சிலிண்டர்கள் வந்தன. அடுத்த ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் போல்டன்–வாட் என்ஜின்களின் சிலிண்டர்கள் பெரும்பாலும் அவரிடமிருந்தே வந்தன. சிலிண்டர் குடையும் எந்திரத்துக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. உறவு 1795 வாக்கில் முறிந்தது. உரிமத் தொகை செலுத்தாமல் அவர் வாட் வகை என்ஜின்களைச் செய்து விற்றது வெளியே வந்தது. போல்டனும் வாட்டும் ஸ்மெத்விக்கில் சோஹோ வார்ப்பாலையைத் தொடங்கித் தாங்களே குடைய ஆரம்பித்தார்கள்.

அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் திருத்தங்கள். எடைக்கல்லால் தள்ளும்போது இரும்பு மென்மையான இடத்தில் உளி வேகமாகவும், கெட்டியான இடத்தில் மெதுவாகவும் நகரும். அதற்குப் பதில் திருகாணியை வைத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவு நகரும். வாட்டின் வலது கை போன்ற வில்லியம் மர்டாக் 1799இல் பெற்ற காப்புரிமையில், குடையும் தண்டைச் சுழற்றத் திருகுப் பல்சக்கரத்தைப் பயன்படுத்தினார். சுழற்சி அதிர்வில்லாமல் வந்தது. பெரிய சிலிண்டரைப் படுக்க வைத்தால் தன் எடையாலேயே கொஞ்சம் நசுங்கி முட்டை வடிவமாகும். குடைந்தபின் நிமிர்த்தினால் வட்டம் போய்விடும். அதனால் நிற்கவைத்துக் குடையும் எந்திரங்கள் வந்தன. 1849இல் நெதர்லாந்தில் ஏரி நீரை இறைக்க நிறுவிய குரூக்கியஸ் என்ஜினின் வெளிச் சிலிண்டர் 144 அங்குலம், அதாவது மூன்றரை மீட்டருக்கு மேல். இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள ஹெயில் என்ற ஊரில் செய்தது. நான்கு பேர் கைகோத்து உள்ளே நிற்கலாம்.

என் பைக் பிளாக்கைக் குடைந்த மெஷினில் தண்டுக்கு இரு முனைத் தாங்கல் இல்லை. துளை ஒரு சாண் நீளம்கூட இல்லாததால், மேலிருந்து இறங்கும் குட்டையான தடித்த தண்டே விறைப்பாக நின்றுவிடுகிறது. ஆனால் பிளாக் அசையாமல் இருந்தது, தண்டு சுழன்றது, உளி சுவரிடம் வழி கேட்கவில்லை.

பில்லுக்காகக் காத்திருந்தபோது பட்டறையின் பின்பக்கம் ஒரு லாரி என்ஜின் பிளாக் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்தேன். கிராங்க் ஷாஃப்ட் உட்காரும் துளைகள் ஒரே கோட்டில் வரிசையாக இருக்க வேண்டும். ஏதோ ஒன்று சூட்டில் விலகியிருக்கிறது. அத்தனை துளைகளுக்குள்ளும் ஒரே நீளத் தண்டைச் செருகியிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு தாங்கி, அந்தப் பக்கம் ஒரு தாங்கி. நடுவில் தண்டில் பொருத்திய சிறு உளி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே தட்டில் கருந்தூள்.

"இது என்ன வேலைண்ணே?" என்று அங்கிருந்த பையனிடம் கேட்டேன்.

"லைன் போரிங்," என்றான், உளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.